ஐம்பது நிமிடத்துக்கு நான்கு காரணங்கள்

ஜூன் 3

அண்ணிக்கு,

நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அண்ணன் போய் மூன்று மாதம் ஆகப்போகிறது. இத்தனை நாள் ஒரு வரி எழுதாதவள் இன்றைக்கு எதற்கு எழுதுகிறாள் என்று உறையைப் பிரிக்கும்போதே உங்கள் புருவம் மேலே போயிருக்கும். காரியமாகத்தான் எழுதுகிறேன். சுற்றி வளைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எனக்கு மெமோ கொடுத்திருக்கிறார்கள். மார்ச் மாதத்தில் ஒரு நாள் டியூட்டி நேரத்தில் ஐம்பது நிமிடம் நான் இடத்தில் இல்லை. அதற்கு இருபத்தொரு நாளுக்குள் விளக்கம் எழுதித் தர வேண்டும். விசாரிக்க வருகிற அதிகாரிக்குத் தமிழ் தெரியாதாம். இங்கிலீஷில்தான் கொடுக்க வேண்டும். விளக்கம் அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் வேலை போய்விடும். ரிட்டயர் ஆக ஏழு மாதம்தான் பாக்கி. வேலை போனால் குவார்ட்டர்ஸ் அறையும் போகும். ஒரே அறை, ஒரே ஜன்னல், அதுவும் ஜெனரேட்டரைப் பார்த்தபடி. இருந்தாலும் முப்பத்தொரு வருஷமாக என் பெயர் எழுதிய கதவு இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பஞ்சுப் பொட்டலத்தின் மேல் அச்சடித்திருக்கிற அளவுக்குத்தான். உங்களை விட்டால் யாரிடம் கேட்பேன்? காரணங்களைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கோத்துக் கொடுங்கள். அன்றைக்கு அடுத்த ஷிஃப்டுக்கு வர வேண்டியவள் வரவில்லை, நானே தொடர்ந்து நின்றேன். உடம்பு காய்ச்சலாக இருந்தது. ஆபரேஷன் சாமான் வைக்கிற அறைச் சாவி என் இடுப்பில் இருந்ததை மறந்து வெளியே போய்விட்டேன். இவ்வளவுதான்.

போனில் கேட்டிருக்கலாம். நீங்கள் "ம்" என்று ஒரு தடவை சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால் கடிதம்.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார்


ஜூன் 7

நாத்தனாருக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. தபால்தலையைக் கோணலாக ஒட்டியிருக்கிறாய்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். உன் அண்ணனை எடுத்துப் போன அன்று வந்தவர்கள் எல்லோரும் "கூடப் பிறந்தவ எங்க?" என்று என்னைத்தான் கேட்டார்கள். "டியூட்டி" என்றேன். பொய் சொல்வது எனக்கு வழக்கமில்லை. அன்று உன் மானத்துக்காகச் சொன்னேன். நான் கல்யாணமாகி வந்த அன்று பதினொரு வயதில் பள்ளிப் பையோடு என் எதிரே நின்ற பெண், அவர் தூக்கி வளர்த்த பெண், கடைசியாக ஒரு முறை முகம் பார்க்க வரவில்லை என்பதை என்னால் இன்னமும் விழுங்க முடியவில்லை.

இருந்தாலும் எழுதித் தருகிறேன். உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. இந்தக் குடும்பத்திலிருந்து ஓர் ஆங்கிலக் கடிதம் தப்பும் தவறுமாக வெளியே போவதை நான் சகிக்க மாட்டேன்.

ஆனால் நீ காரணங்களை அழுக்குத் துணி மாதிரி மூட்டை கட்டி அனுப்பியிருக்கிறாய். ஆங்கிலத்தில் அப்படிச் செய்ய முடியாது. ஒரு காரணத்தோடு இன்னொன்றைச் சேர்க்க அந்த மொழியில் அரை டஜன் சொற்கள் உண்டு. நாம் எல்லாவற்றுக்கும் "மேலும்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவோம். எங்கள் கான்வென்ட்டில் மதர் அப்படி விட மாட்டார். "இன் அடிஷன்" என்றால் தட்டின் மேல் இன்னொரு தட்டு; இரண்டும் ஒரே எடை. "மோர்ஓவர்" என்று தொடங்கினால் பின்னால் வருவது முன்னதைவிடக் கனமாக இருக்க வேண்டும். "ஃபர்தர்மோர்" வாதத்தை ஒரு படி மேலே ஏற்றும். "பிஸைட்ஸ்" என்பதை மதர் எங்களைத் தொடவே விட்டதில்லை. கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு, சொன்னதே போதும், போகிறபோக்கில் இதையும் கேட்டுக்கொள் என்பது போன்ற சொல் அது. அலுவலகக் கடிதத்தில் அதற்கு வேலை இல்லை.

ஆகவே எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். உன் மூன்று காரணங்களில் எது பெரியது? எது அதற்குத் துணை? மெமோவை அப்படியே நகல் எடுத்து அனுப்பு. தேதியும் நேரமும் தெரியாமல் நான் எதையும் எழுத மாட்டேன்.

அண்ணி


ஜூன் 10

அண்ணிக்கு,

மெமோ நகல் இதோடு இருக்கிறது. கோணலாக இருந்தால் அது ஜெராக்ஸ் கடைக்காரர் தப்பு.

எது பெரியது என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் மூன்று நாளாக யோசிக்கிறேன். காய்ச்சலைப் பெரிதாக வைத்தால், காய்ச்சல்காரி எதற்கு டியூட்டிக்கு வந்தாள் என்பார்கள். ஆள் வராததைப் பெரிதாக வைத்தால் அவளுக்கும் ஒரு மெமோ போகும், அவள் கைக்குழந்தைக்காரி. சாவியைப் பெரிதாக வைத்தால் நானே என் தலையில் மண்ணைப் போட்டுக்கொள்வதாகும்.

என் வேலை உங்களுக்குத் தெரியாது. என்னை வாலு என்று கூப்பிடுகிற அண்ணன்கூட "வாலு ஆஸ்பத்திரில பாத்திரம் தேய்க்குது" என்றுதான் சொல்லிச் சிரிப்பார். ஆபரேஷனுக்கு வேண்டிய கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் பச்சைத் துணியில் பொட்டலம் கட்டி, கோடு போட்ட டேப் ஒட்டி, பெரிய டிரம்முக்குள் வைத்து நீராவியில் வேக வைப்பது என் வேலை. உள்ளே போகும்போது டேப்பில் கோடு வெளிறியிருக்கும். சூடு சரியாக ஏறினால் கோடு கறுக்கும். கறுக்காத பொட்டலத்தை டாக்டர் தொட மாட்டார். அன்றைக்குக் கறுத்த பொட்டலம் எல்லாம் அறைக்குள் இருந்தது, அறை பூட்டியிருந்தது, சாவி என்னோடு போய்விட்டது. இரண்டு ஆபரேஷன் தள்ளிப்போயிற்று. நல்லவேளை, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்தபோது ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர் வாசலிலேயே நின்றார். "என்னம்மா, சாவிக்கு ஊர் சுத்திக் காட்டிட்டு வந்தியா?" என்றார்.

எனக்கும் குழப்பமாகத்தான் இருக்கிறது அண்ணி. நீங்களே ஒன்றைப் பெரிதாக வைத்துவிடுங்கள். எந்தச் சொல்லைப் போட்டால் வேலை தப்புமோ அதைப் போடுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 13

நாத்தனாருக்கு,

உன் பதிலுக்குக் காத்திருந்த நாட்களில் சும்மா இருக்கவில்லை. ஏழு வரைவு எழுதினேன். ஆள் வராததை முதலில் வைத்து, "மோர்ஓவர்" போட்டுக் காய்ச்சலைச் சேர்த்தேன். படித்துப் பார்த்தால் நீ சாகக் கிடந்தது போல இருந்தது. "இன் அடிஷன்" போட்டேன். மளிகைச் சாமான் பட்டியலாகிவிட்டது. "ஃபர்தர்மோர்" போட்டதும் நீ நிர்வாகத்தின் மேல் வழக்குத் தொடுப்பவள் போல ஆனாய். சந்தேகம் வந்து அலமாரியின் மேல்தட்டிலிருந்து என் பழைய இலக்கண நோட்டை எடுத்தேன். ஒரு பக்கத்தில் மதர் சொன்னதாக ஒன்று எழுதியிருக்கிறேன், நான்கு பக்கம் தள்ளி அதற்கு நேர்மாறாக எழுதியிருக்கிறேன். இரண்டுக்கும் பக்கத்தில் சிவப்பு மையில் சரி அடையாளம் இருக்கிறது. இலக்கணத்துக்குப் பதக்கம் வாங்கியவள் நான்.

கடைசியில் தெருமுனையில் டைப் அடிப்பவரிடம் போனேன். அவர் தாளைப் பார்க்கக்கூட இல்லை. "எல்லாம் ஒண்ணுதாம்மா. எதுல எழுத்து கம்மியோ அதைப் போடுங்க. எனக்கும் விரல் மிச்சம்" என்றார். அவரோடு சண்டை போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது தபால் பெட்டியில் உன் உறை கிடந்தது. பிரித்து மெமோவைப் படித்தேன்.

மார்ச் 11. பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம் முதல் நான்கு மணி வரை.

இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் படித்தேன். உன் அண்ணன் போனது அன்று மாலை ஆறு மணிக்கு.

அந்த ஐம்பது நிமிடத்தில் நீ எங்கே போனாய்? நீ அனுப்பிய மூன்றும் காரணங்களா, அல்லது காரணத்தைப் போர்த்துகிற துணியா? காய்ச்சல்காரி அறையைப் பூட்டிவிட்டு எங்கே நடந்தாள்? இதைச் சொல்லாமல் என்னால் ஒரு வரியும் எழுத முடியாது. உடனே எழுது. நாள் ஓடுகிறது.

அண்ணி


ஜூன் 16

அண்ணி,

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

அன்றைக்கு மூன்று மணிக்கு உங்கள் எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் தியேட்டர் போனுக்குக் கூப்பிட்டார். "உங்க அண்ணனுக்கு ரொம்ப முடியல. பாக்கணும்னா இப்பவே கிளம்பி வாங்க" என்றார். நீங்கள் கூப்பிடச் சொன்னீர்களா என்று கேட்டேன். அவர் போனை வைத்துவிட்டார். அறையைப் பூட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. யூனிஃபார்மோடு பஸ் நிலையத்துக்கு ஓடினேன்.

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் ஓடினால் உங்கள் தெரு. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். பஸ் உடனே கிளம்பியிருந்தால் வந்திருப்பேன். கிளம்பவில்லை. சில்லறை எடுக்கப் பர்ஸைத் திறந்தேன். உங்கள் கடிதம் இருந்தது.

ஜனவரியில் நீங்கள் எழுதியது. அண்ணனைப் பார்க்க வரட்டுமா என்று நான் கேட்டதற்குப் பதில். உங்களுக்கு நினைவிருக்காது, எழுதிக் காட்டுகிறேன். "இப்போது வர வேண்டாம். டாக்டர் வீட்டில் கூட்டம் கூடாது என்கிறார். மேலும், உனக்கு விடுப்பு கிடைப்பது சிரமம். அது தவிர, அவர் உன்னைக் கேட்கவும் இல்லை."

முதல் இரண்டும் எனக்கு மறந்தேபோய்விட்டது அண்ணி. கடைசி ஒன்று மட்டும் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. கேட்காதவர் முன்னால் போய் எப்படி நிற்பது? போகிற நேரத்தில் "நீ எதுக்கு வந்தே" என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டால் அப்புறம் நான் எங்கே போவேன்? கண்டக்டர் "எங்கம்மா?" என்றார். "எங்கயும் இல்ல" என்று இறங்கிவிட்டேன். இறங்கும்போதுதான் இடுப்பில் சாவி குத்தியது.

திரும்பி வந்து அறையைத் திறந்தேன். ராத்திரி ஷிஃப்ட் ஆள் வரும் வரை பொட்டலம் கட்டினேன். ஏழு மணிக்குச் செய்தி வந்தது. மறுநாள் எந்த முகத்தோடு வருவது? நீங்கள் எல்லோரிடமும் டியூட்டி என்று சொன்னீர்களே, அது பொய்யில்லை. அவர் போகும்போது நான் டியூட்டியில்தான் இருந்தேன்.

இதையெல்லாம் அந்த அதிகாரிக்கு எழுத வேண்டாம். எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் காய்ச்சலுக்குப் பின்னால் சின்னதாகச் சேர்த்துவிடுங்கள். நீங்கள் சொன்னீர்களே, கதவுப் பிடியில் கை வைத்துச் சொல்வது, அந்தச் சொல் சரியாக இருக்கும்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 19

வாலு,

உன்னை இந்தப் பெயரில் நான் கூப்பிட்டதே இல்லை. அது அவருடைய சொல், எனக்கு அதில் பங்கில்லை என்று நாற்பத்தெட்டு வருடம் தள்ளியே வைத்திருந்தேன்.

உன் கடிதம் நேற்று காலையில் வந்தது. சமையலறை மேசையிலேயே உட்கார்ந்திருந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் ஓடியது. எழுந்து அணைக்கத் தோன்றவில்லை. என் எழுத்தை நீ படியெடுத்திருந்த விதத்தில் ஒரு பிழைகூட இல்லை. கமாகூட சரியான இடத்தில் இருந்தது. அத்தனை முறை படித்திருக்கிறாய்.

அவர் உன்னைக் கேட்டார்.

தினமும் கேட்டார். கடைசி மூன்று மாதம் அவருக்கு ஆள் அடையாளம் குழம்பிவிட்டது. என்னை வாலு என்று கூப்பிடத் தொடங்கினார். "வாலு, தண்ணி குடு." "வாலு, அந்த ஜன்னலைச் சாத்து." இரண்டு வருடம் அவருக்கு மாத்திரை பிரித்துக் கொடுத்தவள் நான், முதுகு துடைத்தவள் நான். நான் நீட்டிய தம்ளரை வாங்கிக்கொண்டு உன் பெயரைச் சொல்வார். நீ நேரில் வந்து நின்றால், நான் யார் என்பது அந்த அறையில் அவருக்கு முழுவதுமாக மறந்துபோய்விடும் என்று நினைத்தேன். வர வேண்டாம் என்பதற்கு அது ஒன்றுதான் காரணம். அதை எழுத என்னால் முடியவில்லை. அதனால் டாக்டரை எழுதினேன், உன் விடுப்பை எழுதினேன், பிறகு வாலில் ஒரு பொய்யைக் கட்டித் தொங்கவிட்டேன். பள்ளிக் கட்டுரை எழுதுவது போல வரிசையாக, சுத்தமாக, மையைக்கூட ஒற்றி எடுத்தேன். நான் கடிதத்தை மறந்துவிட்டேன் என்று நினைத்தாய். மறக்கவில்லை. வேறு யாரோ எழுதியதாக வைத்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அன்று மூன்றரை மணி இருக்கும். கண்ணைத் திறந்து, "வாலு வந்துட்டாளா?" என்றார். அன்று என்னை என்னவென்று நினைத்தாரோ, என்னைப் பார்த்துத்தான் கேட்டார். "வந்துட்டிருக்கா" என்றேன். சமாதானத்துக்குச் சொன்னேன். "சரி" என்று கண்ணை மூடிக்கொண்டார். அப்புறம் திறக்கவில்லை. மூன்றரைக்கு நீ பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாய் என்று உன் கடிதம் சொல்கிறது. நான் சொன்னது பொய்யா, உண்மையா? எனக்குப் புரியவில்லை. நேற்றிலிருந்து இதை எப்படி எப்படியோ புரட்டிப் பார்க்கிறேன்.

உன் விளக்கத்தை எழுதிவிட்டேன். இதோடு இருக்கிறது. டைப் அடிப்பவர் "இவ்வளவுதானாம்மா?" என்றார். தமிழில் சொல்கிறேன், என்ன கொடுக்கிறாய் என்று உனக்குத் தெரிய வேண்டும்: "மார்ச் 11 அன்று பிற்பகல் என் அண்ணன் இறந்துகொண்டிருந்தார். தகவல் வந்ததும் அவரைப் பார்க்க யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டேன். பஸ் நிலையம் வரை போய்த் திரும்பி வந்து மீதி வேலையை முடித்தேன். அவர் அன்று மாலை ஆறு மணிக்கு இறந்தார்." நான்கு வாக்கியம். காய்ச்சல் இல்லை, ஷிஃப்ட் இல்லை, சாவி இல்லை. எந்தச் சொல்லாலும் எதையும் சேர்க்கவில்லை. இதற்குப் பின்னால் எதைச் சேர்த்தாலும் இது சிறியதாகிறது.

இரண்டாவது தாளும் இருக்கிறது. அது நான் அந்த அதிகாரிக்கு எழுதியது. நீ பாதி வழியில் திரும்பியதற்குக் காரணம் என் கடிதம், அதில் எழுதியது உண்மையல்ல, அது எனக்குத் தெரிந்தே எழுதியது என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். அந்நியர் ஒருவர் படித்து என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்று யோசிக்காமல் இல்லை. யோசித்துத்தான் போட்டேன்.

23ஆம் தேதி கடைசி நாள். இது கைக்கு வந்ததும் கொண்டு போய்க் கொடு.

அண்ணி


ஜூலை 12

அண்ணி,

நேற்று விசாரணை நடந்தது. அதற்கு முன்னால் உங்களுக்கு எழுதக் கை வரவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்த அன்று பொட்டலத்தில் டேப் ஒட்டாமலே மூன்று முறை டிரம்முக்குள் வைத்துவிட்டேன். கைக்குழந்தைக்காரிதான், "அக்கா, நீங்க போய் உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்" என்று என்னைத் தள்ளிவிட்டாள்.

அவர் கேட்டார் என்று நீங்கள் எழுதியதற்குச் சந்தோஷப்பட வேண்டுமா, உங்கள் மேல் கோபப்பட வேண்டுமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் வருகிறது. கோபம் வரும்போது நீங்கள் தம்ளரை நீட்டிக்கொண்டு நிற்பது கண்ணில் வருகிறது. போகட்டும்.

அதிகாரி வயசானவர். உங்கள் நான்கு வாக்கியத்தைப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். மொழிபெயர்க்க எங்கள் அலுவலக கிளார்க் பக்கத்தில் இருந்தார். "இதோட சேர்த்துச் சொல்ல வேற ஏதாவது இருக்கான்னு கேக்கிறார்" என்றார். இல்லை என்று சொல்லத்தான் போயிருந்தேன். வாய் சும்மா இருக்கவில்லை. "சாவி என் இடுப்புல இருந்துது. அது என் தப்பு. உள்ளே ஆள் வயித்தைத் திறக்கக் காத்திட்டிருந்தாங்க" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் அத்தனை பாடுபட்டு வெளியே எடுத்ததை நானே திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். எந்தச் சொல்லைப் போட்டு கிளார்க் அதைச் சேர்த்தார் என்று எனக்குத் தெரியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அதிகாரி பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். எழுத்து மூலம் கண்டித்து ஃபைலில் வைப்பார்களாம். வேலை இருக்கிறது. அறையும் இருக்கிறது. இனி சாவியை தியேட்டர் வாசலில் ஆணியில் மாட்டிவிட்டுத்தான் யாரும் வெளியே போக வேண்டும் என்று ஒரு உத்தரவும் போட்டிருக்கிறார்கள். தியேட்டர் சிஸ்டர் ஆணிக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

உங்கள் இரண்டாவது தாளை நான் கொடுக்கவில்லை. அது பர்ஸில் இருக்கிறது, பழைய கடிதம் இருந்த இடத்தில். பழைய கடிதத்தைப் பச்சைத் துணியில் கட்டி டேப் ஒட்டி டிரம்மில் வைத்து எடுத்தேன். சிரிக்காதீர்கள். டேப்பில் கோடு நன்றாகக் கறுத்தது. உங்கள் இங்க் பேனா எழுத்து கலங்கி, தாள் முழுக்க நீலமாகிவிட்டது. ஒன்றும் படிக்க முடியவில்லை. எனக்கு மனப்பாடம், அது வேறு விஷயம். இந்த உறையை அந்த டேப்பால்தான் ஒட்டியிருக்கிறேன். நேராக ஒட்டியிருக்கிறேன், பாருங்கள்.

வாலு


ஜூலை 16

வாலு,

டேப் நேராக இருக்கிறது. தபால்தலைதான் மறுபடியும் கோணல்.

சாவியைச் சொன்னதற்குக் கோபித்தேன். காலையிலிருந்து மதியம் வரை கோபித்தேன். பிறகு நான் சொல்லாமல் விட்டதை நீ சொன்னாய் என்று பட்டது. அதோடு விட்டுவிட்டேன்.

இன்று உனக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். ரிட்டயர் ஆனதும் நீ இங்கே வந்துவிட வேண்டும் என்று சொல்ல. அவருடைய அறை காலியாக இருக்கிறது என்று தொடங்கினேன். மேலும், என்னால் மாடிப்படி ஏற முடியவில்லை என்று எழுதினேன். அதுவும் தவிர, வீட்டில் பேச்சுத் துணை இல்லை. அதற்கும் மேலாக, உன் ஜன்னல் ஜெனரேட்டரைப் பார்க்கிறது. நான்கையும் வரிசை மாற்றி மாற்றிப் பார்த்தேன். எல்லாம் உண்மைதான். எதுவும் காரணமில்லை. தாளைக் கிழித்துப் போட்டேன். எழுபத்திரண்டு வயதில் எனக்குப் பழைய நோட்டும் உதவவில்லை, மதரும் உதவவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஷிஃப்ட் இல்லை என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். உன்னிடம் போனில் கேட்டாராம். அவரை யாரும் கேட்கச் சொல்லவில்லை என்று நினைத்துக்கொள்.

வா.

அண்ணி